அம்மாவின் தொப்புள் பக்கத்து வீக்கம்

முக்கூடல் மகள்: அம்மாவுக்கு 52 வயது, பீடி சுற்றுகிறாள். தொப்புளுக்கு மேலே எலுமிச்சை அளவு வீக்கம். இருமினால் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடிக்கிறாள். வலி இல்லையே, விட்டுவிடலாமா?

பாளையங்கோட்டை அக்கா: விடாதே தங்கச்சி. இது குடலிறக்கம் மாதிரி இருக்கிறது, எனக்கு சிசேரியன் தழும்பிலேயே வந்தது. வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் குடலோ கொழுப்போ பிதுங்குவதுதான் குடலிறக்கம். ஓமத்தால் அந்த ஓட்டை அடையாது. ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் வலை வைத்துத் தைத்தார்கள். அப்புறம் மூன்று மாதம் தண்ணீர்க் குடம் தூக்கவில்லை. மாமியாரிடம் பேச்சு வாங்கினேன், ஆனாலும் தூக்கவில்லை.

அம்பாசமுத்திரம்: இடுப்பு மடிப்புக்குக் கீழே, தொடை மேலேயும் வீக்கம் உண்டா என்று கேளுங்கள். அந்த வகைக் குடலிறக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், குடல் சட்டென்று சிக்கிக்கொள்ளும். என் அத்தை வெட்கப்பட்டு மறைத்துவிட்டாள். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள்.

முக்கூடல் மகள்: சரி அக்கா, நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே கூட்டிப்போகிறேன்.