மென்மையான ஸ்பானியப் பாடல்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கேள்வி

வணக்கம். சென்ற வாரம் ஓர் இரவு, தானாக ஓடிக்கொண்டிருந்த பாடல் வரிசையில் நத்தாலியா லஃபுர்காதே என்னும் மெக்சிகோப் பாடகியின் குரலை முதன்முறையாகக் கேட்டேன். 2017இல் வெளிவந்த ‘முசாஸ்’ என்ற தொகுப்பில் உள்ள அந்தப் பாடலைக் கியூபாவின் மூத்த பாடகி ஒமாரா போர்த்துவோந்தோவும் உடன் பாடியிருந்தார். கிட்டார்களின் மெல்லிய மீட்டல், உரக்கப் பாடாமல் காதருகே பேசுவது போன்ற இரண்டு குரல்கள், அவ்வளவுதான். லத்தீன் அமெரிக்க இசை என்றாலே ஆடுவதற்கான வேகமான இசை என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். இந்த வகைக்குப் பெயர் என்ன, வேறு யாரைக் கேட்கலாம், மொழி தெரியாமல் கேட்பதால் எதை இழக்கிறேன் என்பதை அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1

நீங்கள் கேட்டது பொலேரோ. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியூபாவின் சாந்தியாகோ நகரில், கிட்டாருடன் பாடித் திரிந்த பாடகர்களிடம் உருவாகி, பின்னர் மெக்சிகோவுக்குச் சென்று அங்கும் வேரூன்றிய காதல் பாடல் வகை இது. (ஸ்பெயினில் இதே பெயரில் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த பழைய நடனம் ஒன்று உண்டு, அது வேறு.) 2023இல் யுனெஸ்கோ இதனைக் கியூபா, மெக்சிகோ ஆகிய இரு நாடுகளின் பொதுமரபாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தொகுப்பில் கிட்டார் வாசித்த லோஸ் மக்கோரினோஸ் இருவரும் முன்னர் மெக்சிகோவின் மூத்த பாடகி சாவேலா வர்காஸுக்கு வாசித்தவர்கள் என்பதால், அந்த நிதானம் அவர்களுக்குப் புதியதன்று.

அடுத்து லோஸ் பாஞ்சோஸ் மூவர் குழுவைக் கேளுங்கள். 1944இல் நியூயார்க்கில் இரண்டு மெக்சிகோக்காரர்களும் ஒரு புவெர்த்தோ ரிக்கோக்காரரும் சேர்ந்து தொடங்கிய குழு அது. அவர்களுள் ஒருவரான ஆல்ஃபிரெதோ ஹில் வாசித்த ரெக்கிந்தோ என்னும் சிறிய கிட்டார், வழக்கமான கிட்டாரைவிட ‘ச’விலிருந்து ‘ம’ வரையிலான தொலைவு உயர்ந்த சுருதியில் கட்டப்படுவது. குரல் தொடங்குவதற்கு முன் மணிமணியாக உதிரும் சுரக்கோவை அதில் வாசிக்கப்படுவதே. ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் பிறகு எங்கே கேட்டாலும் தெரிந்துவிடும்.

பதில் 2

மேலே கூறியவற்றை ஏற்கிறேன். ஆயினும் மென்மையைத் தேடி வருபவர் ‘ஃபிலின்’ வழியாக நுழைவதே பொருத்தம் என்பது என் கருத்து. 1940களில் ஹவானாவின் இளம் இசைஞர்கள் அமெரிக்க ஜாஸின் செறிவான சுரக்கூட்டுகளைப் பொலேரோவுக்குள் கொண்டுவந்து, மேடைக்குரிய முழக்கத்தைக் கைவிட்டு, நண்பர்களின் வீட்டுக் கூடத்தில் பாடும் அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார்கள். உணர்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே ஃபிலின் என்று திரிந்தது. செசார் போர்த்தியோ தெ லா லூஸ், ஹொசே அந்தோனியோ மெந்தெஸ் ஆகிய இருவரின் பாடல்களே போதும். ஒமாராவும் இந்த வட்டத்தில் வளர்ந்தவரே.

இக்காலத்தவரில் உருகுவாயின் ஹோர்ஹே திரெக்ஸ்லரைத் தவறவிடாதீர்கள். அவர் மருத்துவம் பயின்றவர். அவர் எழுதிய பாடல் 2005இல் ஆஸ்கர் பெற்றது. ஸ்பானியப் பாடல் ஒன்றுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. விழாவில் அப்பாடலைப் பாடும் வாய்ப்பு அவருக்குத் தரப்படாமல் வேறு இருவருக்குத் தரப்பட்டது. விருதைப் பெற மேடையேறியபோது, ஏற்புரைக்குப் பதிலாக, இசைக்கருவி ஏதுமின்றி அப்பாடலின் சில வரிகளை மெல்லப் பாடிவிட்டு இறங்கினார். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

பதில் 3

மொழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்பானியத்தில் ஐந்தே உயிரொலிகள். அவை நம் அ, எ, இ, ஒ, உ ஆகியவற்றுக்கு மிக அருகில் இருப்பவை. ஆகவே பாடல் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்ப்பது எளிது. ‘மி’ என்றால் ‘என்’, ‘அமோர்’ என்றால் ‘அன்பு’. பாடும்போது இரண்டும் சேர்ந்து ‘ம்யமோர்’ என்று இரண்டே அசைகளாக ஒலிக்கும். நம் இலக்கணத்தில் ‘மணி + அடித்தது’ என்பது ‘மணியடித்தது’ ஆகும்போது இடையில் யகரம் தோன்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் எந்த உயிரை எதனுடன் இணைக்கிறார், எங்கே பிரித்து மூச்சு விடுகிறார் என்பதைக் கவனித்தாலே, பொருள் தெரியாத வரியிலும் அழுத்தம் விழும் இடம் புலப்படும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. லோஸ் பாஞ்சோஸின் பாடல் ஒன்றை நேற்றிரவு நான்கு முறை கேட்டேன். மூன்றாவது முறையில்தான் ரெக்கிந்தோ தனியாகப் பிரிந்து காதில் விழுந்தது. குரல்கள் வந்த பிறகும் அது நிற்காமல், ஒவ்வொரு அடியின் முடிவிலும் இரண்டு மூன்று சுரங்களால் விடை சொல்லிக்கொண்டே வருகிறது. வரிகளைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் நான்கு அடிகள் முடிந்துள்ளன.