முதல் மாதமே மேட்ச் ஆட விடலாமா? 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி

மண்கோர்ட் (ஞாயிறு, காலை 10.20)

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. சனி, ஞாயிறு காலை 6.30 முதல் 7.45 வரை. 9 வயதிலிருந்து 12 வயதுவரை 22 பேர் வந்தார்கள். எல்லாருமே பந்தை முதல்முறை தொடுகிறவர்கள். சிமென்ட் கோர்ட். ஒரு பக்க ரிங் நன்றாக இருக்கிறது, மறுபக்கம் வளைந்து தொங்குகிறது. எட்டுப் பந்து இருக்கிறது: ஐந்து 7-ஆம் சைஸ் (பெரிய ஆண்கள் ஆடுவது), மூன்று 5-ஆம் சைஸ் (சிறுவர்களுக்கான சின்னது). நான் கல்லூரி அணியில் ஆடியவன்தான், பயிற்சியாளர் படிப்பு எதுவும் படித்ததில்லை.

என் மாஸ்டர் எனக்கு நடத்திய மாதிரியே நடத்தினேன். கோர்ட்டைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓட்டம், 15 நிமிடம் டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர்வது), 10 நிமிடம் செஸ்ட் பாஸ் (நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் எறிவது), 20 நிமிடம் வரிசையில் நின்று லே-அப் (ரிங் அருகே ஓடி வந்து ஒரு காலில் எழும்பிப் பந்தைப் போடுவது), கடைசியில் ஐந்துக்கு ஐந்து மேட்ச். இந்த வாரம் 22 பேர் 15 பேராகிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் திட்டத்தை மாற்றியாக வேண்டும். எதை எடுப்பது, எதை வைப்பது?

பழைய பாயிண்ட்கார்ட் (ஞாயிறு, காலை 11.05)

தம்பி, மேட்சை எடுங்கள். முதல் ஆறு வாரம் மேட்ச் என்ற பேச்சே வேண்டாம்.

16 வயதுப் பையன்களைச் சரிசெய்வதிலேயே என் பாதி வாழ்க்கை போய்விட்டது. வலது கையால் லே-அப் போடுகிறவன் இடது காலில் எழும்பாமல் வலது காலிலேயே எழும்புவான். டிரிபிள் செய்யும்போது கண் பந்தைவிட்டு மேலே வராது. பந்து கைக்கு வந்ததும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமல், தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் யோசிப்பான். இதெல்லாம் சின்ன வயதில் அடிப்படை வராமல் மேட்ச் ஆடி ஆடிச் சேர்த்துக்கொண்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்த ஆட்டத்தில் அது அப்படியே நடக்கிறது.

நான் மே மாத விடுமுறையில் பெரியகுளம் போட்டியைப் பார்த்து வளர்ந்தவன். அகில இந்திய அணிகள் வரும். ஒரு பெரிய ஆட்டக்காரரிடம் நான் முதலில் கவனித்தது அவர் பந்து போட்டதை அல்ல, பந்தைப் பிடித்ததும் கால் நின்ற விதத்தை. அது மேட்ச் ஆடி வருவதல்ல, திரும்பத் திரும்பச் செய்து வருவது.

இடதுகை (ஞாயிறு, மதியம் 12.40)

சார் சொல்லும் குறைகள் எல்லாம் உண்மை. மருந்துதான் தப்பு என்கிறேன். பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டு ஒன்பது வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமே சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த லே-அப் வரிசையைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரே ரிங், 22 பிள்ளைகள். ஒருத்தி ஓடி வந்து, போட்டு, பந்தை எடுத்து அடுத்தவளிடம் கொடுக்க எட்டு நொடி என்று வைப்போம். ஒரு சுற்று முடியவே மூன்று நிமிடம். 20 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஏழு முறைகூட வராது. பந்து கையில் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு, மீதி 19 நிமிடம் முன்னால் நிற்பவளின் பின்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மண்கோர்ட், உங்களிடமிருந்து போன ஏழு பேர் அந்த வரிசையில்தான் போனார்கள் என்று நினைக்கிறேன்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ன செய்தார்? பீச் பழக்கூடை இரண்டைக் கட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டி, 18 பேரை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து ஆடச் சொன்னார். முதல் நாளே ஆட்டம்தான். ஆட்டத்துக்குள் இருந்துதான் எல்லாத் திறமையும் வந்தது.

பழைய பாயிண்ட்கார்ட் (ஞாயிறு, மதியம் 1.15)

மேடம், நெய்ஸ்மித்திடம் இருந்தவர்கள் வளர்ந்த ஆண்கள். உடற்பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள், வேறு ஆட்டங்கள் தெரிந்தவர்கள். உடம்பு ஏற்கெனவே சொன்ன பேச்சைக் கேட்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு ஓடிக்கொண்டே நிற்கவே தெரியாது.

வரிசைக் கணக்குப் போட்டீர்கள், சரி. மேட்சுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். ஐந்துக்கு ஐந்து என்றால் பத்துப் பேர் ஆட, 12 பேர் ஓரத்தில் உட்காருகிறார்கள். ஆடும் பத்துப் பேரிலும் உயரமான இரண்டு பையன்கள்தான் பந்தைத் தொடுவார்கள். குட்டையாக, பயந்த பிள்ளையாக இருந்தால் ஐந்து நிமிடம் ஓடியும் பந்து கைக்கு வராது. வரிசையிலாவது அவளுக்கு ஏழு முறை வருகிறதே.

இடதுகை (ஞாயிறு, மதியம் 1.50)

இது நியாயமான அடி, ஒத்துக்கொள்கிறேன். ஐந்துக்கு ஐந்தை நானும் வைப்பதில்லை. நான் ஆட்டம் என்று சொல்வது மூன்றுக்கு மூன்று. அதிலும் முதல் இரண்டு வாரம் டிரிபிளே கிடையாது. நெய்ஸ்மித்தின் முதல் விதிகளிலும் பந்தோடு ஓட முடியாது, பிடித்த இடத்திலிருந்து எறிய வேண்டும். அதையே வைக்கிறேன். பந்து கிடைத்தால் நின்று, ஒரு காலை ஊன்றித் திரும்பி, ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நீங்கள் பெரியகுளத்தில் பார்த்த அந்தக் கால் இங்கேயே வந்துவிடும் சார், ஏனென்றால் கால் நிற்காவிட்டால் எதிர்ப்பக்கம் பந்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

வளைந்த ரிங் பக்கம் வீணாக வேண்டாம். அந்தப் பக்கம் ரிங் இல்லாமலே ஆடலாம்: கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நிற்கும் தன் அணி ஆளுக்குப் பவுன்ஸ் பாஸ் (தரையில் ஒரு முறை பட்டுப் போகும் பந்து) போய்ச் சேர்ந்தால் ஒரு பாயிண்ட்.

டிரிபிளுக்கு நம் தெரு விளையாட்டே போதும். கல்லா மண்ணா ஆடத் தெரியாத பிள்ளை உண்டா? ரிங்குக்குக் கீழே பெயிண்ட் அடித்த கட்டம் கல், வெளியே எல்லாம் மண். எல்லார் கையிலும் பந்து, தட்டிக்கொண்டேதான் ஓட வேண்டும். பிடிப்பவரும் தட்டிக்கொண்டேதான் துரத்த வேண்டும். பந்து கையைவிட்டு ஓடினால் அவர்தான் அடுத்து. “நிமிர்ந்து பார்” என்று நான் ஒரு முறைகூடக் கத்தியதில்லை. துரத்துகிறவர் எங்கே என்று தெரிய அவர்களே நிமிர்கிறார்கள்.

பி.டி. மாஸ்டர் (ஞாயிறு, மாலை 4.30)

இருவர் சொல்வதும் எட்டுப் பந்து இருக்கிற ஊருக்குச் சரி. நான் அரசுப் பள்ளி. ஒரு பீரியடுக்கு 50 பேர், நான்கு பந்து, 40 நிமிடம். அதில் பத்து நிமிடம் வரவும் போகவும் சரி.

நான் செய்வதைச் சொல்கிறேன். சாக்பீஸால் தரையில் கால் தடம் வரைவேன். பந்தில்லாமல் ஓடி வந்து ‘டப்’ என்று இரண்டு காலிலும் ஒன்றாக நிற்க வேண்டும். அப்புறம் ஒரு தடத்தைவிட்டு அசையாமல் மற்றக் காலால் சுற்ற வேண்டும். 50 பேரும் ஒரே நேரத்தில் செய்யலாம், பந்து தேவையே இல்லை. இன்னொரு பக்கம் கடையில் வாங்கிய சின்ன ரப்பர் பந்துகள், சுவரில் எறிந்து பிடிக்க. பள்ளிச் சுவரைவிட நல்ல பார்ட்னர் கிடையாது, எறிந்தால் கட்டாயம் திருப்பித் தரும்.

முக்கியமாக ரிங் உயரம். நாம் எல்லாரும் 3.05 மீட்டர் ரிங்கில் எட்டு வயதுப் பிள்ளையைப் போடச் சொல்கிறோம். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் மினி பாஸ்கெட்பால் விதியில் 12 வயதுவரை ரிங் 2.60 மீட்டர், பந்து 5-ஆம் சைஸ். 45 சென்டிமீட்டர் வித்தியாசம்! நான் ஒரு சின்ன சைக்கிள் ரிம்மில் கம்பிகளை எடுத்துவிட்டு வாதாம் மரத்தில் கட்டியிருக்கிறேன். போர்டு இல்லை, வலை இல்லை. ஆனால் பந்து உள்ளே விழுகிறது. விழுந்தால்தானே அடுத்த நாள் வருவார்கள்.

நெய்ஸ்மித் பேச்சு வந்ததால் ஒன்று. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி பக், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். நம் உடற்கல்வி ஆசிரியர்கள் பலருக்கு அந்த வழி நேராக வந்து சேர்கிறது.

திருச்சி அம்மா (ஞாயிறு, இரவு 8.10)

எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் என் மகள் இப்படி நின்றுபோனவள் என்பதால் எழுதுகிறேன். பத்து வயது. ஒரு கோடைக்கால முகாமில் சேர்த்தோம். நான்காம் நாள் வரமாட்டேன் என்றாள். பெரிய பந்து, பிடிக்கும்போது நடுவிரல் மடங்கி வீங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. வரிசையில் அவள் முறை வந்ததும் எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள், பந்து போர்டைக்கூடத் தொடுவதில்லை, சிரிக்கிறார்கள். “அம்மா, ஒவ்வொரு தடவையும் மேடையில் நிற்கிற மாதிரி இருக்கு” என்றாள். அதன்பிறகு அவளை நான் கட்டாயப்படுத்தவில்லை.

பழைய பாயிண்ட்கார்ட் (ஞாயிறு, இரவு 9.25)

அம்மா, உங்கள் மகள் சொன்னது மனசைத் தைத்துவிட்டது. நான் நிறுத்திய வரிசைகளிலும் இப்படி எத்தனை பிள்ளைகள் நின்றிருப்பார்களோ.

பந்து, ரிங் இரண்டிலும் மாஸ்டர் சொல்வதை ஏற்கிறேன். 7-ஆம் சைஸ் பந்து 600 கிராமைச் சுற்றி இருக்கும், 5-ஆம் சைஸ் 500-ஐத் தாண்டாது. பத்து வயது மணிக்கட்டுக்கு அது பெரிய வித்தியாசம். ரிங்குக்கு எட்டாத பிள்ளை இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் பந்தைத் தூக்கி எறிவாள், அந்தப் பழக்கமும் பிறகு போகாது.

ஆனால் திரும்பச் செய்வதை நான் விடமாட்டேன். அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த ஜான் உட்டன் 1964 முதல் 1975-க்குள் பத்துத் தேசியப் பட்டம் வென்றவர். ஒவ்வொரு பயிற்சியையும் நிமிடக் கணக்கில் சின்ன அட்டையில் எழுதி வைப்பார். சீசனின் தொடக்கத்தில் அவர் சொல்லிக்கொடுத்தது சாக்ஸ் மாட்டுவது! சுருக்கம் விழுந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. அவ்வளவு அடியிலிருந்து ஆரம்பித்தார்.

இடதுகை (ஞாயிறு, இரவு 10.05)

உட்டனிடம் வந்தவர்கள் நாடு முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுத்த கல்லூரி ஆட்டக்காரர்கள் சார். அவர்கள் நாளைக்கும் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். மண்கோர்ட்டுக்கு அந்த நிச்சயம் இல்லை. ஆனால் நிமிடக் கணக்கை எழுதி வைப்பதில் நானும் உங்கள் கட்சி. எழுதாமல் போனால் பேசியே பத்து நிமிடம் கரைந்துவிடும்.

அமெரிக்காவில் என்.பி.ஏ.வும் (அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அந்நாட்டுக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து சிறுவர்களுக்கு வைத்த வழிகாட்டுதலில்கூட 7, 8 வயதுக்கு எட்டடி ரிங், 9 முதல் 11 வரை ஒன்பதடி. அந்த வயதில் ஜோன் டிஃபன்ஸ் (ஆளைவிட்டு இடத்தைக் காப்பது) வேண்டாம், ஆளுக்கு ஆள் பிடிக்கட்டும் என்கிறார்கள். ஜோன் வைத்தால் சின்ன மேட்ச் ஜெயிக்கும், பிள்ளை ஒரே இடத்தில் நின்று பழகும்.

இரண்டு விஷயம் கட்டாயம். பத்து ரவுண்டு ஓட்டத்தை எடுத்துவிடுங்கள், கல்லா மண்ணாவிலேயே மூச்சு வாங்கிவிடும். குதித்து இறங்கும்போது இரண்டு காலிலும், முழங்கால் உள்பக்கம் சாயாமல் இறங்கச் சொல்லிக்கொடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம். என்னுடன் ஆடிய இருவர் அதனால்தான் நிறுத்தினார்கள். இதை மட்டும் நானும் விளையாட்டாக வைப்பதில்லை, தினமும் ஐந்து நிமிடம் நின்று செய்ய வைக்கிறேன்.

மண்கோர்ட் (வெள்ளி, இரவு 9.00)

எல்லாருக்கும் நன்றி. நாளைக்கு அட்டையில் எழுதியிருப்பது இது. 6.30 கல்லா மண்ணா. மூன்று பேரிடம் கடன் வாங்கி 5-ஆம் சைஸ் பந்து ஆறாகிவிட்டது. 6.45 சாக்பீஸ் தடத்தில் நிற்பது, சுற்றுவது, குதித்து இறங்குவது. 6.55 பந்தில்லாமல் லே-அப் கால்: வலது, இடது, எழும்பு. இந்தப் பத்து நிமிடம் பாயிண்ட்கார்ட் அண்ணனுக்காக. 7.05 தண்ணீர். 7.10 முதல் இரண்டு பக்கமும் மூன்றுக்கு மூன்று, மீதி மூன்று பேர் ரிங்கிலிருந்து ஒரு மீட்டரில் நின்று ஒரு கையால் போடுவது, நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம். விசில் இரண்டுக்கு மட்டும்: பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால், ஆளைத் தள்ளினால். கோர்ட் ரிங்கை இறக்க முடியாது, வேலியில் ஒரு ரிம் கட்டியிருக்கிறேன்.

மண்கோர்ட் (சனி, காலை 11.30)

15 பேரும் வந்தார்கள். நின்றுபோன ஒரு பையன் வேலிக்கு வெளியே நின்று கல்லா மண்ணாவைப் பார்த்துவிட்டு, கேட்காமலே உள்ளே வந்துவிட்டான்.

வரிசையில் எப்போதும் கடைசியில் நிற்கும் ஒரு பெண்ணை மட்டும் கவனித்தேன். எத்தனை முறை பந்தைத் தொடுகிறாள் என்று எண்ண ஆரம்பித்து 40-க்கு மேல் விட்டுவிட்டேன். வேலி ரிம்மில் முதல் பந்து விழுந்ததும் யாரும் பார்த்தார்களா என்றுகூடத் திரும்பவில்லை. ஓடிப்போய்ப் பந்தை எடுத்து மறுபடி போட்டாள்.

பழைய பாயிண்ட்கார்ட் (சனி, மதியம் 12.00)

சந்தோஷம் தம்பி. ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். லே-அப்பில் எத்தனை பேர் சரியான காலில் எழும்பினார்கள்?

மண்கோர்ட் (சனி, மதியம் 12.10)

பந்தில்லாமல் பத்துப் பேர். கையில் பந்து வந்ததும் நான்கு பேர்தான் அண்ணா.

பழைய பாயிண்ட்கார்ட் (சனி, மதியம் 12.25)

இதைத்தான் சொன்னேன். அந்தப் பத்து நிமிடத்தை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இடதுகை (சனி, மதியம் 12.50)

விட்டுக்கொடுக்க வேண்டாம், ஆனால் வரிசையாக்க வேண்டாம். ரிங்கின் இரண்டு பக்கமும் வேலி ரிம்மிலுமாக மூன்று இடத்தில் ஐந்து ஐந்து பேர். ஓடி வர வேண்டாம், இரண்டு காலடி தூரத்திலிருந்து ஆரம்பித்தால் போதும்.

பழைய பாயிண்ட்கார்ட் (சனி, மதியம் 1.05)

மூன்று இடம் சம்மதம். மேட்ச் விஷயத்தில் ஆறு வாரம் கழித்துப் பேசுவோம் மேடம், அதுவரை என் கருத்து அப்படியேதான் இருக்கும். தம்பி, நாளைக்கு லே-அப்பை மட்டும் போனில் எடுத்துப் போடுங்கள். பக்கவாட்டில் நின்று, கால் முழுக்கத் தெரிகிற மாதிரி எடுங்கள். பிள்ளைகள் முகம் வேண்டாம்.