‘போலஸ்’ என்பதற்குத் தமிழ்: சொல்லுக்குள் வேகம் வேண்டாம்

அன்புடையீர், வணக்கம்.

அவசர சிகிச்சைப் பிரிவுத் தாதியருக்கான இதய மருந்துக் கையேட்டில் ‘போலஸ்’ (bolus: அளந்த மருந்து முழுவதையும் ஒரே தடவையில் ஊசியால் ஏற்றுவது) என்பதற்கு முன்வைக்கப்பட்டுள்ள ‘விரைவுச்செலுத்தல்’, ‘மருந்துக்கவளம்’, ‘ஒருதொகை’ ஆகிய மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கமுண்டு. யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகளில் மருந்துக் குறிப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும், கட்டிலருகே ஒரு தாதி மற்றவரிடம் சொல்வது பெரும்பாலும் தமிழில்தான். ஆகவே நாம் ஆக்கும் சொல் தாளில் அழகாயிருப்பதிலும் பார்க்க, காதில் பிழையாக விழாதிருப்பதே முக்கியம்.

‘விரைவுச்செலுத்தல்’, மிகை வேகத்தில் துடிக்கும் இதயத்தை அடக்கக் கொடுக்கும் அடினோசினுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அம்மருந்தின் அரைவாசி 10 செக்கன்களுக்குள்ளேயே குருதியில் அழிந்துவிடுவதால், இதயத்துக்கு அண்மையான பெரிய நாளமொன்றில் (சிரை) முதலில் 6 மி.கி.யை ஓரிரு செக்கன்களில் செலுத்தி, அந்தக் கையோடு 20 மி.லீ. சேலைனையும் தள்ளி, நோயாளியின் கையை உயர்த்திப் பிடிக்கிறோம்; சுணங்கினால் மருந்து இதயத்தை எட்டுமுன்பே வீணாகிவிடும். துடிப்பைச் சீராக்கும் இன்னொரு மருந்தான அமியோடரோனின் கதையோ வேறு. மின்னதிர்ச்சிக்கும் அடங்காத துடிப்புக் குலைவால் இதயம் நின்றவருக்கு அதில் 300 மி.கி.யை ஒரேயடியாகக் கொடுப்பார்கள். நாடித்துடிப்பு உள்ளவருக்கோ 150 மி.கி.யைச் சுமார் 10 நிமிடங்களில் கொடுக்க வேண்டும், விரைந்தால் குருதியமுக்கம் சரிந்துவிடும். ஒரே மருந்து, ஒரே பிரிவு, இரண்டு வேகங்கள். துடிப்பைத் தணிக்கும் வெரப்பமிலையும் குறைந்தது 2 நிமிடங்கள் எடுத்தே செலுத்துகிறோம். இந்நிலையில், பெயரிலேயே ‘விரைவு’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ‘மெதுவாக’ என்று குறிப்புப் போடுவது, புதிதாக வந்த தாதியைக் குழப்புவதற்கு நாமே வழிசெய்வதாகும்.

‘கவளம்’, கிரேக்க மூலச்சொல்லின் ‘கட்டி, உருண்டை’ என்ற பொருளுக்கு நெருக்கமானது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கவளம் வாய்க்குள் போவது. ஊசியால் நாளத்தில் ஏற்றும் மருந்துக்கு, வாய்வழியை நினைவூட்டும் பெயர் ஏன்? ‘ஒருதொகை’யில் உள்ள இடர் நம்மூருக்கே உரியது. ‘ஒரு தொகைச் சனம்’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு, ‘ஒருதொகையாய்க் குடுங்கோ’ என்பது நிறையக் கொடுக்கச் சொல்வதாகவே கேட்கும்.

எனவே ‘ஒற்றைச்செலுத்தல்’ என்பதை முன்மொழிகிறேன். அளந்தெடுத்த மருந்து முழுவதையும் ஒரு தடவையில் கொடுத்து முடிப்பதை அது குறிக்கும். மருந்தைச் சிறிது சிறிதாக இடைவிடாமல் ஏற்றும் ‘தொடர்செலுத்தல்’ என்பதற்கு நேர் இணையாகவும் நிற்கும். எவ்வளவு நேரத்தில் என்பதை ஒவ்வொரு முறையும் செக்கனிலோ நிமிடத்திலோ எண்ணால் எழுத வேண்டும். ‘மெதுவாக’, ‘வேகமாக’ என்ற சொற்களைக் கையேட்டில் தனித்து வரவிடக் கூடாது. மாரடைப்பில் குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்துகளை எழுதிப் பாருங்கள்: ‘ரெனெக்ரெப்ளேஸ், ஒற்றைச்செலுத்தல், 5 முதல் 10 செக்கன்’, ‘ஸ்ரெப்ரோகைனேஸ், 15 இலட்சம் அலகு, தொடர்செலுத்தல், 60 நிமிடம்’. ஒன்றை மற்றதாக மாற்றி வாசிக்க இடமில்லை. செறிந்த பொற்றாசியம் குளோரைட்டுக்கு மட்டும் ‘ஒற்றைச்செலுத்தல் ஒருபோதும் கூடாது’ என்று தடித்த எழுத்தில் தனி வரி வேண்டும். ஐதாக்காமல் நேரே ஏற்றினால் அது இதயத்தை நிறுத்திவிடும்.

தமிழ்நாட்டு நண்பர்கள் கையேட்டின் ‘நாளவழி’யைச் ‘சிரைவழி’ என்று திருத்தியிருந்தார்கள். இங்கே பாடசாலைப் புத்தகத்திலிருந்தே நாடி, நாளம் என்றுதான் படித்து வருகிறோம்; அங்கே நாளம் எந்தக் குருதிக்கலனையும் குறிக்குமாதலால் அவர்களது ஐயம் நியாயமானதே. யாழ்ப்பாணப் பதிப்பில் ‘நாளவழி’ இருக்கட்டும், சொல்லடைவில் சிரையையும் சேர்த்துவிடலாம்.

இன்னொன்று தீரவில்லை. மருந்துக்குப் பின் தள்ளும் சேலைனுக்குக் ‘கழுவல்’ என்று எழுதியிருக்கிறோம். நாளத்தில் செருகிய மெல்லிய குழாயான கனுலாவைச் சுத்தம் செய்வதற்கு அது சரி. அடினோசினிலோ அந்த 20 மி.லீ. மருந்தை இதயம்வரை கொண்டுசெல்வதற்கானது. அதற்கு ‘உந்தற்சேலைன்’ என்று வைக்கலாமா? கட்டிலருகே வேலை செய்வோர் முதலில் சொல்லட்டும், இலக்கணத்தைப் பிறகு பார்ப்போம்.