வீணை, குழல், நாகஸ்வரம் பதிவுக்கு எந்த மைக்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வீணையிலிருந்து தொடங்குகிறேன். வீணைக்கு மைக் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த மைக்கின் சொந்த இரைச்சல் எத்தனை டெசிபல் என்பதை. ஒரு மீட்டில் பிறந்த நாதம் தேய்ந்துகொண்டே போகும்போதுதான் இடது கை தந்தியை இழுத்துக் கமகத்தைப் பிடிக்கிறது. அந்த இடத்தில் மைக்கின் 'உஸ்' கேட்டால் எல்லாம் போயிற்று. என்னிடம் இருப்பது ரோட் என்டி1-ஏ. இரைச்சல் 5 டெசிபல்தான். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள நியூமன் கேஎம் 184-க்கு 13. அது அருமையான மைக், வயலினுக்குக் கிடைத்தால் விடமாட்டேன். ஆனால் வீணைக்கு என் கை என்டி1-ஏ பக்கம்தான் போகும்.

வீணை டீச்சர் ஒருவர் வீட்டிலேயே பதிவு செய்தோம். "கச்சேரியில பிக்கப் ஒட்டிக்கிறேன் தம்பி, ஆனா அதுல கேட்கிறது என் வீணை இல்லை" என்றார். வாத்தியத்தின் மேல் ஒட்டும் அந்தப் பிக்கப், தந்திகளைத் தாங்கும் குதிரையின் அதிர்வை எடுக்கும். குடத்துக்குள் சுழன்று வெளியே வரும் காற்றை எடுக்காது. மைக்கைக் குதிரைக்கு நேராக வைத்தால் நகம் படும் 'டிக்' தூக்கலாகக் கேட்டது. இடது கை ஓடும் தண்டி பக்கம் தள்ளினால், அங்கே மெழுகில் பதித்த மெட்டுகளின் (உலோகக் கட்டைகளின்) மேல் தந்தி உரசும் சத்தம். குடத்துக்கும் கடைசி மெட்டுகளுக்கும் நடுவில், ஒன்றரை அடி உயரத்தில், குடத்தை நோக்கிச் சற்றே சாய்த்தபோது சுண்டு விரல் மீட்டும் தாளத் தந்திகள்கூட அளவாக வந்தன. ஹெட்போனை அவரிடமே கொடுத்துவிட்டேன். "இதுதான்" என்று அவர் சொன்ன பிறகு ஸ்டாண்டைத் தொடவில்லை. ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது, தெரு அடங்கிய பிறகு இரவில் பதிவு. வியர்வையைத் துடைத்துக்கொண்டே வாசித்தார்.

வயலினைப் பற்றி ஒன்று. மேல்நாட்டுக் கையேடுகள் நின்று வாசிப்பவரை மனதில் வைத்து மைக்கைத் தலைக்கு மேலே தொங்கவிடச் சொல்லும். நம்மவர்கள் உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறார்கள். பலகை முன்பக்கம் பார்க்கிறது. மைக்கும் முன்னால் வர வேண்டும், இரண்டு அடி தள்ளி. வில் உரசல் காதைக் குத்தினால் ஈக்யூவை (மேல், கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) திருகுவதற்கு முன், கூர்மையான ஒலிகளை மென்மையாக எடுக்கும் ஒரு ரிப்பன் மைக்கைப் போட்டுப் பாருங்கள்.

---

நான் குழல் வாசிப்பவன், எனவே குழலைப் பற்றி. பதிவுக்குப் போகும் இடங்களில் பெரும்பாலும் மைக் குழலின் கடைசி முனையைப் பார்த்து நிற்கும். குழலில் ஒலி முதன்மையாக வெளியேறுவது வாய்த்துளையிலும் விரல் எடுத்த துளைகளிலும்தான். அதற்காக வாய்க்கு நேரே வைத்தால் ஊதும் காற்று மைக்கை அடிக்கும். கிட்டே வைத்த கார்டியாய்டு மைக் (முன்னால் வரும் ஒலியை அதிகமாகவும் முதுகுப் பக்க ஒலியைக் குறைவாகவும் எடுப்பது) கீழ் ஒலிகளையும் ஊதிப் பெருக்கும். என் நெற்றி உயரத்தில், ஒன்றரை அடி தள்ளி, வாய்த்துளைக்கும் விரல் துளைகளுக்கும் இடையில் கீழ்நோக்கிப் பார்க்கும் சிறிய கண்டென்சர் மைக்: இதைத்தான் எங்கே போனாலும் கேட்டு வாங்குகிறேன்.

நாகஸ்வரம் வேறு கதை. நண்பர் ஒருவர் கோயில் பிராகாரத்தில் பதிவு செய்தபோது உதவிக்குப் போனேன். மைக்கை அணைசுக்கு (நாகஸ்வரத்தின் அகன்ற கீழ்முனைக்கு) அருகே கொண்டுபோனதும் வித்வான் கையமர்த்தினார். "கிட்ட வைக்காதீங்க. தள்ளி நின்னு கேட்கிற வாத்தியம் இது." அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒலி துளைகளிலிருந்தும் வருகிறது, அணைசிலிருந்தும் வருகிறது. இரண்டும் கலந்து ஒன்றாவதற்குத் தூரம் வேண்டும். தவிர, வாசிப்பவர் ஆடாமல் இருக்க மாட்டார். ஆறடி தள்ளி ஷூர் எஸ்எம்57 என்ற கார்டியாய்டு மைக்கை வைத்தோம். அந்த முழக்கத்துக்கு மைக்கின் இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. தவில் அதிகமாக ஏறியது. மைக்கின் முதுகு தவிலைப் பார்க்கும்படி ஸ்டாண்டைத் திருப்பியதும் பெருமளவு அடங்கியது.