திருகோணமலைக் கடற்கரை ஹோட்டல்களில் நடக்கும் கலைவிழாக்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தம்பலகாமத்திலிருந்து:
உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் நடந்த கலைவிழாவுக்கு எங்கள் ஊர்க் கூத்துக் குழுவுடன் போயிருந்தேன். 'அனைவருக்குமான விழா' என்று அழைப்பிதழில் மூன்று மொழியிலும் போட்டிருந்தார்கள். டிக்கெட் கிடையாது. ஆனாலும் கறுப்புக் கண்ணாடியுடன் வந்தவர்களை வாசல் காவலாளி கும்பிட்டு உள்ளே விட்டார், சாரம் கட்டி, மத்தளத்தைத் தோளில் சுமந்து வந்த எங்கள் கூத்து ஆசான் அண்ணாவியாரிடம் மட்டும் "யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். அன்றைய நிகழ்ச்சியே அவர்தான்!

ஏற்பாட்டாளர் கொழும்பிலிருந்து வந்த இளைஞர். மரியாதையான பிள்ளை. "ஐயா, வரவு எல்லாம் வேண்டாம், நேரே சண்டைக்குப் போய்விடுங்கள், பத்து நிமிடம் போதும்" என்றார். பாத்திரம் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு வந்து, ஆடிப் பாடி, தான் யாரென்று சபைக்குச் சொல்லும் இடம்தான் வரவு. அண்ணாவியார் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்: "வராத ராசாவை எப்படித் தம்பி சாகடிப்பது?" பிள்ளை சிரித்துவிட்டார். ஒரு வரவுக்கு அனுமதி கிடைத்தது.

மேடைதான் அடுத்த தொல்லை. எங்கள் கூத்து வட்டக் களரிக்கு உரியது. சனம் சுற்றி இருக்கும், ஆட்டக்காரர் எல்லாத் திசையும் திரும்பி ஆடுவார்கள். ஹோட்டல்காரர்கள் நாற்காலிகளை ஒரே பக்கம் போட்டிருந்தார்கள். பாதி நேரம் முன்வரிசைப் பெரியவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது. மேடைக்குப் பின்னால் சமையலறைக் கதவில் நின்ற வேலைக்காரப் பிள்ளைகள் ராசாவின் முகத்தை நன்றாகப் பார்த்தார்கள். கைதட்டலும் முதலில் அங்கிருந்துதான் வந்தது.

கிண்ணியாவிலிருந்து:
கம்படித்து ஆடும் எங்கள் களிகம்புக் குழுவுக்குக் கொடுத்த நேரம் சரியாக மஃரிப் தொழுகை வேளை. சூரியன் மறையும் வேளையில் படம் அழகாக வருமாம். 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள். தொழுகை நேரத்தை யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் சொன்னதும் மாற்றினார்கள், அதை மறைக்கக் கூடாது. ஹலால் சாப்பாட்டையும் தனியாகவே சமைத்திருந்தார்கள். ஆனால் மாற்றிய நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. முடித்து வெளியே வந்தபோது பஸ் இல்லை. 2009இல் பாலம் திறக்கும்வரை 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடலைக் கடந்தோம். இப்போது பாலம் இருக்கிறது, ஏறிப்போக வாகனம்தான் இல்லை. வெளியூர்க் கலைஞர்களுக்கு அறை கொடுத்தவர்கள், உள்ளூர்க்காரர் எப்படியும் வீடு போய்விடுவார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலும். ஆட்டோவுக்குக் கொடுத்ததில் சன்மானத்தில் பாதி போயிற்று.

வெருகலிலிருந்து:
மேலே சொன்னவர்களாவது மேடை ஏறினார்கள். நாங்கள் சுவரில் தொங்கினோம். மூதூர், வெருகல் பக்கம் தமிழ் பேசும் பழங்குடிகளான கரையோர வேடர் இருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. அதைக் காட்டும் படக் கண்காட்சி என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு படத்தில் என் பெரியம்மா. படம் எடுத்தவரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, விலை டாலரில் இருந்தது, பெரியம்மாவின் பெயர் எங்கும் இல்லை. விளக்கம் முழுக்க ஆங்கிலம். படம் எடுத்த விஷயம் பெரியம்மாவுக்குத் தெரியும், விழா நடப்பது தெரியாது.

பொறுப்பாக நின்ற பெண்ணிடம் சொன்னேன். அவர் பதறிப்போய், உடனே பெயரைக் கேட்டுத் தாளில் எழுதி ஒட்டினார். படத்தின் பிரதி ஒன்று தருவதாக முகவரியும் வாங்கிக்கொண்டார். இன்னும் வரவில்லை. என்னைக் காணும்போதெல்லாம் பெரியம்மா அதைத்தான் கேட்கிறார்.