எக்ஸ்பிரஸ்கார்டு யூஎஸ்பி 3.0: செருகினால் லினக்ஸ் கண்டுகொள்வதே இல்லை

கேள்வி:
பழைய லேப்டாப்தான், ஆனால் நன்றாக ஓடுகிறது, ஒதுக்கி வைக்க மனசு வரவில்லை. இருப்பதெல்லாம் யூஎஸ்பி 2.0 என்பதால் பேக்கப் எடுக்க ராத்திரி முழுக்க ஆகிறதே என்று லேப்டாப்பின் பக்கவாட்டு ஸ்லாட்டில் செருகும், இரண்டு யூஎஸ்பி 3.0 போர்ட் உள்ள 34 மி.மீ. எக்ஸ்பிரஸ்கார்டு ஒன்று வாங்கினேன். டெபியன் லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் சத்தமே இல்லை. எல்எஸ்பிசிஐயில் (சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) வரவில்லை, டிமெசேஜில் (கெர்னல் எழுதும் செய்திகள்) ஒரு வரிகூட விழவில்லை. டிரைவரை எங்கே தேடுவது?

பதில்:
டிரைவர் தேடி அலையாதீர்கள். யூஎஸ்பி 3.0க்கான எக்ஸ்எச்சிஐ டிரைவர் 2009இல் வந்த 2.6.31 லினக்ஸ் கெர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. எல்எஸ்பிசிஐயில் பெயரே வராத கார்டை எந்த டிரைவரும் வந்து பிடிக்க முடியாது. லேப்டாப்பை முழுசாக அணைத்து, கார்டைச் செருகிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது பட்டியலில் வந்தால் கார்டும் ஸ்லாட்டும் நல்லபடியாக இருக்கின்றன, ஹாட்பிளக்தான் (ஓடும்போதே செருகுவது) தகராறு. அப்போதும் வராவிட்டால் பயாஸில் ஸ்லாட் அணைந்து கிடக்கிறதா பாருங்கள்.

பதில்:
மேலே சொன்னது சரி. ஹாட்பிளக் என்றால் எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஸ்லாட் காலியாக இருந்தால் கெர்னல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஸ்லாட்டை இணைக்கும் பிசிஐஇ போர்ட்டைத் தூங்க வைத்துவிடும், நடுவில் கார்டு வந்தாலும் சில மெஷின்களில் அது விழிப்பதில்லை. கிரப்பில் (பூட் மெனு) கெர்னல் வரியோடு பிசிஐஇ_போர்ட்_பிஎம்=ஆஃப் என்று சேர்த்து பூட் செய்து பாருங்கள் (ஆங்கில எழுத்தில்தான், இடைவெளி விடாமல்). பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம், அதனால் இதில் சரியாகிறது என்று உறுதியான பிறகு மட்டும் நிரந்தரமாகப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, இரண்டும் வேலை செய்தன! கார்டு வருகிறது, எக்ஸ்எச்சிஐ பிடித்துக்கொண்டது, மவுஸ், பென்டிரைவ் எல்லாம் சரி. ஆனால் 2.5 அங்குல ஹார்டு டிஸ்கைச் செருகினால் சுழலத் தொடங்கி, டிக் டிக் என்று இரண்டு முறை அடித்துவிட்டு, டிமெசேஜில் டிஸ்கனெக்ட் என்று விழுகிறது. மறுபடி சுழல்கிறது, மறுபடி டிக்.

பதில்:
உடனே டிஸ்கைக் கழற்றுங்கள், அப்படியே விட்டால் டேட்டா போய்விடும். இது லினக்ஸ் பிரச்சினை இல்லை. எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டில் 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும்தான் வரும், 5 வோல்ட் கிடையாது. யூஎஸ்பி 3.0 போர்ட் 5 வோல்ட்டில் 900 மில்லிஆம்பியர் வரை தர வேண்டும். ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் மின்சாரம் மவுஸுக்குப் போதும், டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்த நொடியில் போதாது. கார்டின் ஓரத்தில், போர்ட்டுகளுக்குப் பக்கத்தில், சின்ன வட்டத் துளை ஒன்று இருக்கிறதா?

கேள்வி கேட்டவர்:
இருக்கிறது! பெட்டியில் ஒரு ஒயர் வந்தது, ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை மெல்லிய வட்டப் பின், எதற்கென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். லேப்டாப்பின் யூஎஸ்பி 2.0 போர்ட்டிலிருந்து அந்தத் துளைக்குக் கொடுத்தேன். டிக் நின்றுவிட்டது, டிமெசேஜில் சூப்பர்ஸ்பீடு (யூஎஸ்பி 3.0 வேகம்) என்று வருகிறது, பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது.