'யூ மஸ்ட் அப்ரூவ்' என்று எழுதி மாட்டிக்கொண்ட கதை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அக்கா கல்யாணம், மூன்று நாள் லீவு தேவை. மேனேஜருக்கு ஆங்கிலத்தில் இமெயில் போடச் சொன்னார்கள். தமிழ்ப்பள்ளியில் கடிதம் எழுதிப் பழகிய மண்டையில் 'விடுமுறை அளிக்க வேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்றுதான் ஓடியது. வேண்டும் என்றால் மஸ்ட், அதுதானே படித்தோம்? 'யூ மஸ்ட் அப்ரூவ் மை லீவ். பிளீஸ், யூ மஸ்ட் ரிப்ளை பிஃபோர் ஃப்ரைடே' என்று பணிவாக (!) அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் பெரிய கிராணி வந்து நிற்கிறார். கையில் என் இமெயிலின் பிரிண்ட், இரண்டு மஸ்டுக்கும் சிவப்புப் பேனாவில் வட்டம். "தம்பி, இங்க யாருக்கு யாரு மேனேஜர்?"

அப்புறம் அவரே உட்கார வைத்துச் சொன்னார். ஹெல்மெட் போடு, பாய்லர் பக்கம் போகாதே, இப்படி மேலே இருப்பவர் கீழே சொல்வதற்குத்தான் மஸ்ட். கீழேயிருந்து கேட்கிறவனுக்கு 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் அப்ரூவ்'. குட் என்பது கேனுக்கு இறந்தகாலம் என்று மனப்பாடம் செய்தவன் நான், அடுத்த வாரத்து லீவுக்கு அது எதற்கு என்று விழித்தேன். "லீவு குடுங்கன்னு கேக்காம, கெடைச்சா நல்லா இருக்கும்னு தள்ளி நின்னு கேக்கிறோம்ல, அது மாதிரி" என்றார். லீவு கிடைத்தது, இரண்டு நாள்தான்.

இதில் வேடிக்கை, கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது வாய் தவறி மேனேஜரிடமே 'யூ மஸ்ட் கம், சார்' என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், அவரோ சிரிக்கிறார். விருந்துக்குக் கூப்பிடும்போது மட்டும் அந்த மஸ்ட் சரியாம், அங்கே அது உபசரிப்பு!

* * *

அண்ணே, என்னை மாட்டிவிட்டது ஷுட். மோட்டார் பார்ட்ஸ் ஆர்டர் போட்டிருந்தேன், கடைக்காரர் 'இட் ஷுட் அரைவ் பை தர்ஸ்டே' என்றார். ஷுட் என்றால் மலாயில் பத்துட், கடமை என்று பள்ளியில் போர்டில் கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் வியாழக்கிழமை வந்தே தீரும் என்று காலையிலேயே கடை வாசலில் போய் உட்கார்ந்தேன். வரவில்லை. கேட்டால் 'ஐ செட் ஷுட், நாட் வில்' என்கிறார். யோசித்தால் நம்மிடமும் இருக்கிறது, 'ஆறு மணி பஸ் இந்நேரம் வந்திருக்கணுமே' என்கிறோம், அது கடமையா என்ன, வெறும் எதிர்பார்ப்பு.

மே, மைட் இரண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் தேட வேண்டாம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகுமுன் அப்பா வானத்தைப் பார்த்து ஒருநாள் 'மழை வரலாம்' என்பார், இன்னொரு நாள் 'வந்தாலும் வரலாம்' என்பார், அவ்வளவுதான்.

* * *

தம்பி சொன்ன அதே 'வந்திருக்கணும்'தான் என் தலைவலி. டவுனில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருந்தேன். தோட்டத்துத் தாத்தா ஒருவருக்குக் காலை முதல் நம்பர். வந்துவிட்டாரா என்று டாக்டர் உள்ளேயிருந்து கேட்க, வாசலில் அவர் குடையைப் பார்த்த ஞாபகத்தில், வந்திருக்கணும் என்ற நினைப்பில், 'ஹி ஷுட் ஹாவ் கம், டாக்டர்' என்றேன். வந்திருக்க வேண்டியவர், ஆனால் வரவில்லை என்று டாக்டர் எடுத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நான் சொல்ல நினைத்தது 'ஹி மஸ்ட் ஹாவ் கம்', தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை, நான் என்ன செய்வேன்?

தாத்தா பின்பக்க பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போய் மன்னிப்புக் கேட்டால், "பரவால்லம்மா, வெளிய மழைதானே, எங்க போகப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை உதறி மறுபடியும் கம்பியில் மாட்டினார்.